அலாரம் அடிக்காத வார்டு

காலை ஆறு மணி. பிளாஸ்க்கில் வெந்நீரோடு வார்டுக்குள் நுழைந்த நர்ஸ், ஜன்னலோரப் படுக்கையில் இருந்த அம்மாளை இரண்டு முறை கூப்பிட்டாள். அப்புறம் தொட்டுப் பார்த்தாள். தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு டாக்டரைத் தேடி ஓடினாள்.

அம்மாள் போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். நெஞ்சில் ஒட்டிய வில்லை வழியாக மூச்சைக் கேட்டு, அது மோசமாகத் தொடங்கும்போதே அலாரம் அடிக்க வேண்டிய கருவி தலைமாட்டில் இருந்தது. இரவு முழுக்க 'நலம்' என்று காட்டியிருக்கிறது. மூச்சே நின்ற பிறகு, 'வில்லையைச் சரியாக ஒட்டவும்' என்று திரையில் ஒரு வரி போட்டுவிட்டுக் கம்மென்று இருந்துவிட்டது. இந்தக் கருவியை நம்பித்தான் அந்த வார்டில் ராத்திரி நர்ஸ்களைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். என்ன ஒரு புத்திசாலித்தனம்!

கருவியைச் செய்தவள் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்யும் மாணவி. செத்துப்போனது அவளுடைய மாமியார். இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? பத்து மணிக்கெல்லாம் மாமனார் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார்.

"என் மருமக என் பெண்டாட்டியைக் கொன்னுட்டா."

எதிரே இருந்த இன்ஸ்பெக்டரம்மாவுக்கு ஸ்டேஷனில் 'ஊசி' என்று பெயர். குரலை உயர்த்த மாட்டார், அடிக்க மாட்டார், இடம் பார்த்து ஒரு கேள்வி கேட்பார், அவ்வளவுதான். அன்றைக்கு அவருக்குப் பல்வலி வேறு.

"எப்படிங்க கொன்னாங்க?"

"மெஷினை வெச்சு. பி.எச்டி. முடிஞ்சாத்தான் குழந்தைன்னா. என் பெண்டாட்டி ரெண்டு வார்த்தை கேட்டுட்டா. அதுலேருந்து ரெண்டு பேருக்கும் ஆகலை. கட்டின புருஷனையே வா போன்னு கூப்பிடறவ அவ. நிமோனியான்னு ஆஸ்பத்திரிக்குப் போனவளை, 'என் மெஷின் இருக்கிற வார்டுலதான் போடணும்'னு ஒத்தைக் கால்ல நின்னா."

"உங்க பையன் ஒண்ணும் சொல்லலையா?"

"அவன் வேண்டாம்னான். அந்த வார்டுல சத்தம் ஜாஸ்தி, அம்மா தூங்க மாட்டாங்கன்னு கெஞ்சினான். யார் கேட்டா?" பெரியவர் வாய்விட்டு அழுதார்.

ஊசி ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டு ஊசி விழுந்தால் கேட்கும் அளவுக்கு அமைதியாக இருந்தது. காலையில் ஓடிய நர்ஸ், ராத்திரி டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்றாள்.

"அவங்க வீட்டு ஆளுங்க யாராவது ராத்திரி தங்கினாங்களா?"

"பையன் தங்கினார் மேடம். பிள்ளைன்னா அப்படி இருக்கணும். மத்த படுக்கைக்காரங்க வீட்டு ஆளுங்க, மெஷின் பாத்துக்கும்னு குறட்டை விட்டாங்க. இவர் ரெண்டு ராத்திரி கொட்டக் கொட்ட முழிச்சிருந்தார். விரல்ல மாட்டுற ஆக்சிஜன் கிளிப்பை வீட்டிலேருந்து கொண்டுவந்து, மாட்டி மாட்டிப் பார்த்துக்கிட்டே இருந்தார்."

"நேத்து?"

"நேத்து சாயங்காலம் மருமகப் பொண்ணு வந்துச்சு. 'உன் மூஞ்சியைப் பாரு, போய்த் தூங்கு, மெஷின் பாத்துக்கும்'னுச்சு. அவர் போகவே மாட்டேன்னார். கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் வண்டியில ஏத்திவிட்டுச்சு."

"அந்தக் கருவியைப் பத்தி அவர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"நல்ல மெஷின்னு சொன்னார் மேடம். என் மனைவி செஞ்சதுன்னு பெருமையா சொன்னார்."

ஊசி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த வெறும் படுக்கையைப் பார்த்தார். பிறகு பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினார்.

ஆராய்ச்சிக் கூடம் என்றதும் அவர் என்னவோ நினைத்திருந்தார். நீளமான ஓர் அறை, நாலைந்து மேசை, கழுவாத காபிக் கோப்பைகள், நாற்காலிக்குக் கீழே சுருட்டி வைத்த போர்வைகள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இரைந்துகொண்டிருந்தது. எல்லோரும் வேலை செய்வது அதில்தான்.

அங்கே நாலு பேர். அம்மாளின் உடல் போஸ்ட்மார்ட்டம் முடிந்து வரவில்லை; மாணவி அழுது முடித்து வீங்கிய முகத்தோடு இங்கே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவன். அவனும் அதே கூடத்தில் ஆராய்ச்சி மாணவன், தாயைப் பறிகொடுத்தவன், அவள் தோளில் கை போட்டிருந்தான். இருவருக்கும் வழிகாட்டியான பேராசிரியர், 'கைடு', தள்ளி நின்றார். மூலையில் 'சீனியர்'. எத்தனையோ வருஷமாகப் பட்டம் வாங்காமல் அங்கேயே குப்பை கொட்டுகிறவன்.

கைடு முந்திக்கொண்டார். "புரோகிராம் இவளோடது, தப்பும் இவளோடது. ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கேன். பட்டம் ரத்தாகும். மத்ததை நீங்க பாத்துக்குங்க."

"போன மாசம் சோதிச்சப்ப நூத்துக்குத் தொண்ணூத்தாறு சரியா சொல்லிச்சு மேடம்," என்றாள் மாணவி. "அத்தையோட மூச்சைப் பதிவுல கேட்டேன். அதுக்கு அலாரம் அடிக்காம இருக்கவே முடியாது. எனக்குப் புரியலை."

"போன மாசம் இருந்த அதே புரோகிராம்தான் ஆஸ்பத்திரியிலயும் இருந்ததா?"

அவள் கைடைப் பார்த்தாள். கைடு விட்டத்தைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில வெக்கிறதுக்கு முந்தின நாள், கடைசியா ஒரு தடவை எல்லாத் தகவலையும் போட்டுப் பயிற்சி குடுக்கச் சொன்னார். குடுத்தேன். திரும்பச் சோதிக்கணும்னேன். ஆஸ்பத்திரிக்காரங்க காத்திருக்காங்க, தொண்ணூத்தாறுதான் இருக்கேன்னுட்டார்."

பழைய மார்க்கை ஒட்டிப் புதுச் சரக்கை அனுப்பியிருக்கிறார் மனுஷன். ஊசி அதை மனசில் குறித்துக்கொண்டார். "பயிற்சின்னா என்னம்மா? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

பழைய நோயாளிகள் ஆயிரக்கணக்கானவர்களின் மூச்சுப் பதிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 'ஆபத்து' அல்லது 'நலம்' என்று ஆஸ்பத்திரி நர்ஸ்கள் குறி போட்டுத் தந்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கருவி கற்றுக்கொள்கிறது. குறி தப்பாக இருந்தால் பாடமும் தப்பு. இவ்வளவுதான் விஷயம்.

ஊசி அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, நர்ஸ்கள் போட்ட மூலக் குறிகளை அனுப்பச் சொன்னார். கூடத்துக் கம்ப்யூட்டரில் இருந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். 'ஆபத்து' என்று இருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு 'நலம்' என்று மாறியிருந்தது. ஒன்று இங்கே, ஒன்று அங்கே, கன்னாபின்னாவென்று.

"ஐயோ, சாகக் கிடந்தவங்களை எல்லாம் நல்லா இருக்காங்கன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க மேடம்!"

"இந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டது யாருன்னு தெரியுமா?"

சீனியர் சிரித்தான். "எங்க எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அஞ்சு வருஷமா மாத்தலை."

கைடு, "இவனைக் கேளுங்க," என்றார் சட்டென்று. "இவன் அனுப்பின கட்டுரை திரும்பி வந்த வாரம்தான் இவளுக்கு ஆஸ்பத்திரி வாய்ப்பு வந்தது. பொறாமையில வெந்துக்கிட்டிருந்தான்."

"வெந்தேன்தான்," என்றான் சீனியர். "இல்லேங்கலை. எங்க யாருக்கு வேகலை? ஆஸ்பத்திரி ஒரே ஒரு புரோகிராமைத்தான் எடுத்துக்கும்னாங்க. இவ புருஷன் செஞ்சதும் போட்டியில இருந்தது, எந்த வார்டுல எப்போ படுக்கை காலியாகும்னு சொல்ற புரோகிராம். பெண்டாட்டிக்குக் கிடைச்சதும் முதல் ஆளா கேக் வாங்கிட்டு வந்தான், பெரிய மனசு."

கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கம்ப்யூட்டரைப் பூட்டி சீல் வைத்துவிட்டு, ஊசி சீனியரை மட்டும் வராந்தாவுக்கு அழைத்தார்.

"கன்னாபின்னான்னு மாத்தியிருக்கே, செஞ்சவன் உக்காந்து ஒவ்வொண்ணா மாத்தினானா?"

"சேச்சே. எந்தெந்தப் பதிவுன்னு கம்ப்யூட்டரையே பகடை போட்டு எடுக்கச் சொல்லியிருப்பான். கைடு எழுதிக் குடுத்த சின்னப் புரோகிராம் ஒண்ணு இருக்கு, நாங்க எல்லாரும் அதைத்தான் எடுப்போம். ஆனா கம்ப்யூட்டர் பகடை நிஜப் பகடை இல்ல மேடம். ஒரு தொடக்க எண்ணைக் குடுத்தா அதே வரிசையில திரும்பத் திரும்ப விழும்."

"குடுக்கலேன்னா?"

"ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி விழும். கைடு கொன்னுடுவார். 'திரும்பச் செஞ்சு காட்ட முடியாததை ஆராய்ச்சின்னு எங்கிட்ட கொண்டுவராதே'ன்னு முதல் வருஷத்துலேருந்து காதுல ஓதினது. அந்த எண்ணைப் போடாம எங்க யாருக்கும் முதல் வரியே ஓடாது. ஆளுக்கு ஒரு ராசி எண். என்னோடது இங்க சேர்ந்த வருஷம், அதைச் சொல்லியே ஓட்டுவாங்க. அவளோடது சின்ன வயசுல ஸ்கூலுக்குப் போன பஸ் நம்பர். கைடோடது அவர் பட்டம் வாங்கின வருஷம். அவ புருஷன் அம்மா பிள்ளை, அவனோடது அவங்கம்மா பிறந்த வருஷம்."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான். ஊசி அவன் முகத்தைப் பார்த்தார்.

"இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றார். பல்வலி மறந்துபோயிருந்தது.

மறுநாள் காலை பதினொரு மணி. அதே அறை, அதே நாலு பேர். மாமனாரையும் வரவழைத்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மருமகள் நீட்டிய தண்ணீரை அவர் வாங்கவில்லை.

"கம்ப்யூட்டர்ல நீங்களே உக்காருங்க," என்றார் ஊசி மாணவியிடம். "பகடைப் புரோகிராமை எடுங்க. மூணுல ஒரு பங்குன்னு குடுங்க. முதல்ல உங்க ராசி எண்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. கணவனைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் நம்பரைத் தட்டினாள். வரிசை விழுந்தது. மாறிப்போன பதிவுகளோடு ஒப்பிட்டாள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

"சீனியரோடது."

பொருந்தவில்லை.

"கைடு ஐயாவோடது."

பொருந்தவில்லை. கைடு பெருமூச்சு விட்டது எல்லோருக்கும் கேட்டது.

"அடுத்தது."

அவள் விரல் அப்படியே நின்றது. "வேண்டாம் மேடம்."

"போடுங்கம்மா."

"வேண்டாம் மேடம், ப்ளீஸ். அவனுக்கு அம்மான்னா உயிரு."

"தெரியும். போடுங்க."

அத்தை பிறந்த வருஷத்தை அவள் ஒவ்வொரு எண்ணாகத் தட்டினாள். திரையில் ஒவ்வொரு வரியும் பொருந்தியது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒன்றுகூடத் தப்பவில்லை.

"கம்ப்யூட்டர் தெரியாத எனக்கே நேத்து ஆஸ்பத்திரியிலயே சந்தேகம்," என்றார் ஊசி. "நல்ல மெஷின்னு ஊருக்கெல்லாம் சொல்றவர், ரெண்டு ராத்திரி அம்மா விரல்ல கிளிப்பை மாட்டிப் பாத்துக்கிட்டு எதுக்குக் காவல் இருக்கணும்? வார்டுலயே அந்த மெஷினை நம்பாத ஆள் இவர் ஒருத்தர்தான். அங்க இவர் சொன்ன சத்தமும் கிடையாது, நான் போய்ப் பாத்தேன். அலாரம் அடிக்காதுன்னு இவருக்குத் தெரியும்."

கணவன் மறுக்கவில்லை. "நான் கொல்லணும்னு செய்யலை. திரும்பச் சோதிச்சா மார்க் குறையும், கைடு நிறுத்திடுவார், என்னோடதை எடுத்துப்பார்னு நினைச்சேன். அப்புறமா அதே எண்ணைப் போட்டுத் திருப்பி மாத்திடலாம்னு இருந்தேன். சோதிக்காமலே அனுப்புவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"ஒரு வார்த்தை நர்ஸ்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என் படிப்பு போயிருக்கும்."

"அடப்பாவி, உங்கம்மா போயிட்டாளேடா!" என்று அலறினார் பெரியவர்.

அப்போதுதான் அவன் மனைவியின் பக்கம் திரும்பினான். அதுவரை குனிந்திருந்த முகத்தில் திடீரென்று கோபம் வந்தது.

"நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்? ரெண்டு ராத்திரி கண்ணை மூடினேனா? போகமாட்டேன்னு எவ்வளவு சொன்னேன்! நீதான் இழுத்துட்டுப் போய் வண்டியில ஏத்தின. நீ அனுப்பாம இருந்தா அம்மா இன்னிக்கு இருந்திருப்பாங்க."

ஊசிக்கு அவனை ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது. அவன் சொன்னது உண்மையாக வேறு இருந்ததுதான் கொடுமை. கைடு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கதவுப் பக்கம் நகர, "நீங்களும் ஸ்டேஷனுக்கு வரணும் சார்," என்றார் ஊசி.

பெரியவர் எழுந்து வந்தார். மருமகளின் காலில் விழப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, பெண்டாட்டி போயிட்டா. இவனும் போயிட்டா எனக்கு யாரும்மா இருக்கா? இவ பேர் ஏற்கெனவே கெட்டுத்தானே போயிருக்கு. அது இவ பேர்லயே இருந்துட்டுப் போகட்டுமே."

பெரியவர் மருமகளைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தார். நேற்று வரைக்கும் கொலைகாரி என்று சொன்ன அதே வாயால், "அம்மாடி, நீயாவது சொல்லேன்," என்றார்.

மாணவி கீபோர்டைத் தள்ளி வைத்தாள்.

"மேடம், என் வாக்குமூலத்தை எழுதிக்குங்க. குறியை மாத்தினது இவன். சோதிக்காம அனுப்பச் சொன்னது கைடு. சரின்னு தலையாட்டினது நான்." அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "அந்த ராத்திரி இவனை வீட்டுக்கு அனுப்பினதும் நான்தான். அதையும் விடாம எழுதுங்க."

ஊசி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.