பெரியவரின் இருமல்

பெரியவர் மறுபடியும் இருமினார்.

முதலில் "லொக்". பிறகு "லொக் லொக்". அப்புறம் உடம்பை ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு, வீட்டு வாசலிலேயே அடங்கிப்போனார்.

பெரியவர் என்றால் ஆள் இல்லை. அம்மாவின் கார். வயதில் அம்மாவைவிட இரண்டே வருடம்தான் சின்னது. அதனால் வீட்டில் யாரும் அதை "அது" என்று சொல்வதில்லை. "அவர்" என்றுதான் மரியாதையாகச் சொல்வார்கள்.

"நாளைக்கு முக்கியமான வேலை இருக்கு, இன்னைக்குப் பாத்து இப்படிப் பண்றாரே!" என்று அம்மா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாள்.

பக்கத்து இருக்கையில் இருந்த கொசு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

கொசுவுக்குப் பத்து வயது. ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை காதருகே நொய் நொய் என்று சுற்றிக்கொண்டே இருப்பாள். அதனால் மாமா வைத்த பெயர் அது. பள்ளியில் அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. வீட்டில் யாருக்கும் அது ஞாபகம் இருப்பதாகத் தெரியவில்லை.

அம்மாவுக்குப் பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளின் கண்களைச் சோதிக்கும் வேலை. போன மாதம் மேட்டுப் பள்ளிக்குப் போயிருந்தாள். அங்கே இருபத்திரண்டு பிள்ளைகளுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. இருபத்திரண்டும் தயாராகி, ஒரு பெட்டியில் காத்திருந்தன. நாளை சனிக்கிழமை, அந்தப் பள்ளி அரைநாள்தான். அதற்குப் பிறகு ஒரு மாதம் விடுமுறை.

"நாளைக்குப் போகலேன்னா அந்த ஓட்டைப்பல்லு பாப்பா இன்னும் ஒரு மாசம் காத்திருக்கணுமாம்மா?" என்று கொசு கேட்டாள்.

"ஆமாடா கண்ணு."

அந்தப் பாப்பாவைக் கொசு பார்த்ததில்லை. ஆனால் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாள். முன்பற்கள் இரண்டும் விழுந்த சின்னப் பெண். சோதனைக் கண்ணாடியை மாட்டியதும் ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்துவிட்டு, "அட, மரத்துல இலையெல்லாம் தனித்தனியாவா இருக்கு?" என்று கேட்டாளாம். அதுவரை மரம் என்றால் ஒரே பச்சைப் புகை என்றுதான் நினைத்திருந்தாளாம். சோதனைக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்பதை அம்மா சொல்லவே இல்லை.

அந்தப் பள்ளிக்குப் போகும் பாதை செங்குத்தான ஏற்றம். இருமுகிற பெரியவரால் பாதி தூரம்கூட ஏற முடியாது.

அப்போது தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது. மாமா வந்துகொண்டிருந்தார். அம்மாவின் தம்பி. தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற வேலை.

"அக்கா, கவலையை விடு!" என்று இறங்கும் முன்பே குரல் கொடுத்தார். "பெரியவருக்கு மருந்து வாங்கிட்டு வந்துட்டேன்!"

பையிலிருந்து நான்கு சின்ன அட்டைப்பெட்டிகளை எடுத்தார். நான்கையும் சிவப்பு நாடாவால் கட்டியிருந்தார்.

"ஸ்பார்க் பிளக். இருக்கறதுலயே ஒசத்தியானது. என்னோட அன்பளிப்பு!"

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "உனக்கு மாத்தத் தெரியுமாடா?"

"என் கை படாத வண்டி எது?"

உண்மையில் அவர் கைபட்டது ஒரே ஒரு வண்டி. அதுவும் நண்பருடையது. ஆனால் அன்று பழைய நான்கு பிளக்கையும் ஒழுங்காகத்தான் கழற்றினார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அம்மா கண்ணாடிகளைத் துடைத்து உறைகளில் போட உள்ளே போனாள். மாமா சட்டைக் கையை மடித்துவிட்டு, காரின் முன்மூடியைத் தூக்கி நிறுத்தினார்.

"மாமா, ஸ்பார்க் பிளக் என்ன பண்ணும்?"

"எஞ்சினுக்குள்ள பெட்ரோலும் காத்தும் கலந்து வரும். இதோட நுனியில ஒரு பொறி அடிக்கும். குபீர்னு பத்திக்கும். அந்த வேகத்துல பிஸ்டன் கீழ போகும், வண்டி ஓடும்."

"பிஸ்டன் மறுபடி மேல வருமா?"

"வரும், போகும், வரும், போகும். உன்னை மாதிரி. ஒரு இடத்துல நிக்காது."

மாமா ஒவ்வொரு பழைய பிளக்காகக் கழற்றிக் கொடுத்தார். எல்லாம் கரி பிடித்துக் கன்னங்கரேலென்று இருந்தன. கொசு ஒரு முட்டை அட்டையைக் கொண்டுவந்து, குழிகளில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதி, வந்த வரிசையிலேயே வைத்தாள். எந்தப் பிளக் எந்த ஓட்டையில் இருந்தது என்று பிறகு யாராவது கேட்டால் சொல்ல வேண்டாமா? புதிய பிளக்குகளை எதிர் வரிசையில் வைத்தாள். வெற்றுப் பெட்டிகளையும் தூக்கிப் போடவில்லை. அவை அழகாக இருந்தன.

மாமா முதல் புதுப் பிளக்கை எடுத்துக் கையால் திருகத் தொடங்கினார்.

கொசு முட்டை அட்டையைப் பார்த்தாள். ஏதோ இடித்தது. ஒரு பழையதையும் ஒரு புதியதையும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். திருகுவதற்காகச் சுற்றிச் சுற்றி வரி போட்டிருக்கும் பகுதிக்கு மரை என்று பெயர். பழையதில் அந்த மரை அவள் சுண்டுவிரல் நகத்தளவு. புதியதில் அதைவிட அரை நகம் நீளம்.

"மாமா தப்பு பண்றீங்க!" என்று வாய்வரை வந்துவிட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்திருந்தாள். சிவப்பு நாடா கீழே கிடந்தது. கொசு வாயை மூடிக்கொண்டு, மாமாவின் காதருகே போனாள்.

"மாமா, ஒரு நிமிஷம் நிறுத்துங்களேன். புதுசு நீளமா இருக்கு."

மாமா இரண்டையும் வாங்கிப் பார்த்தார். புருவம் சுருங்கியது. பிறகு தலையை ஆட்டினார்.

"பழசுதான் தப்பா இருக்கும். யாரோ மாத்திப் போட்டிருக்காங்க. அதனாலதான் இந்த இருமலே! நான் என்ன குத்துமதிப்பாவா வாங்கினேன்? வண்டியோட புத்தகத்தைப் பாத்து, பேரு, வருஷம் எல்லாம் எழுதிட்டுப் போய் வாங்கினேன்."

அதுவும் சரியாகத்தான் பட்டது. பழையதுதான் தப்போ? கொசுவுக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் பதில் தெரியாவிட்டால் அவளால் சும்மா இருக்கவும் முடியாது.

"அந்தப் புத்தகத்தைக் குடுங்களேன்."

காரோடு வந்த பழைய கையேடு அது. மூலைகள் எல்லாம் மடங்கியிருந்தன. பிளக் பற்றிய பக்கத்துக்கு எதிரிலேயே எஞ்சினின் படம் இருந்தது. கொசு படத்தைப் பார்த்தாள், எஞ்சினைப் பார்த்தாள். மறுபடி படம், மறுபடி எஞ்சின். பத்திரிகையில் வரும் "ஆறு வித்தியாசங்கள்" அவளுக்கு இரண்டு நிமிட வேலை.

"மாமா, படத்துல ஆயில் மூடி வலது ஓரத்துல இருக்கு. நம்மதுல இடது ஓரம். படத்துல பிளக் எல்லாம் பின்பக்கம். நம்மதுல முன்பக்கம். இது நம்ம எஞ்சின் இல்ல!"

"வண்டி பழசாச்சு இல்ல, கொஞ்சம் மாறத்தான் செய்யும்."

"பழசானா மூடி இடம் மாறுமா? அம்மாவுக்குந்தான் வயசாச்சு. மூக்கு நகர்ந்து காதுப் பக்கம் போயிடுச்சா?"

"யாருக்கு வயசாச்சு?" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"பெரியவருக்கும்மா!"

மாமா சிரிக்கவில்லை. கையேட்டை வாங்கி, படத்தையும் எஞ்சினையும் தானே ஒருமுறை ஒப்பிட்டார். பிறகு, திருகிக்கொண்டிருந்த பிளக்கை மெதுவாக வெளியே எடுத்தார்.

"ரெண்டு சுத்துதான் சுத்தியிருந்தேன்" என்றார் சின்னக் குரலில். "இதுக்கு முன்னாடி இந்த வண்டியை வெச்சிருந்தவங்க எஞ்சினையே மாத்தியிருப்பாங்களோ?"

எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு எண் பொறித்திருக்கும் என்று மாமாவுக்குத் தெரியும். ஆனால் அங்கே விரல் பருமனுக்கு எண்ணெய்ப் பிசுக்கு. கொசு உள்ளே ஓடி, கைக்குக் கிடைத்த துணியை எடுத்து வந்து தேய் தேயென்று தேய்த்தாள். எண் தெரிந்தது. மாமா அதைக் கையிலேயே எழுதிக்கொண்டார்.

"ஆறு மணிக்குக் கடையைச் சாத்திடுவாங்க. இப்பவே அஞ்சேகால். ஏறு சைக்கிள்ல!"

அம்மா வாசலுக்கு வந்தாள். "மாத்தியாச்சா? எங்க கிளம்பிட்டீங்க?"

மாமா குனிந்து சைக்கிள் பெடலைச் சரிபார்த்தார்.

"எஞ்சின் நம்பரைக் கண்டுபிடிச்சோம்மா" என்றாள் கொசு. "கடையில கேட்டு, இதுக்கு எது பொருந்தும்னு சரிபாத்துட்டு வந்துடறோம். உன் பூதக்கண்ணாடியைக் கொஞ்சம் குடேன். பழைய பிளக்குல ஏதோ பொடியா எழுதியிருக்கு."

"தர்றேன். அது என்ன கையில? என் கண்ணாடி துடைக்கிற துணியா அது?"

சைக்கிள் அதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டது. பூதக்கண்ணாடி எப்படிக் கொசுவின் கைக்கு வந்தது என்று அம்மாவுக்கே தெரியவில்லை.

உதிரிபாகக் கடையில் கடைக்காரம்மா பெல்ட்டுகளை எல்லாம் ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். மாமா கையை நீட்டி எண்ணைக் காட்டினார். கொசு பழைய பிளக்கைத் துடைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்து, எழுத்துக் கூட்டினாள்.

"ஏழு... கே... நாலு."

கடைக்காரம்மா தலையணை மாதிரி இருந்த புத்தகத்தைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது.

"இது கார் எஞ்சினே இல்ல. அதே கம்பெனியோட சின்ன வேன் எஞ்சின். யாரோ தூக்கி உள்ள வெச்சிருக்காங்க. நல்ல எஞ்சின்தான். இதுக்குக் குட்டை மரை பிளக்தான் போடணும். ஏழு கே நாலு. பழசு சரியான ஆளுதான், தேஞ்சு போச்சு, அவ்வளவுதான்."

"நீளமானதைப் போட்டிருந்தா?" என்று மாமா கேட்டார்.

"நுனி உள்ள நீட்டிட்டு நிக்கும். பிஸ்டன் மேல வந்து டமால்னு மோதும். அப்புறம் எஞ்சினையே பிரிக்கணும்."

மாமாவின் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது.

"நான் ஒசத்தியானதுன்னு நினைச்சு வாங்கினேன்."

"ஒசத்திதாங்க. ஆனா உங்க எஞ்சினுக்கு இல்ல. யாரு கவனிச்சது?"

"நாங்க ரெண்டு பேரும்தான்" என்றாள் கொசு சட்டென்று.

பெட்டிகள் கசங்காமல் இருந்ததால் கடைக்காரம்மா பேசாமல் மாற்றிக் கொடுத்தார். நுனியில் இருக்கும் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் மெல்லிய தகடு வைத்துப் பார்த்துத்தான் கையில் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா பெருமை பேசவில்லை. ஒன்றாம் எண் பிளக்கைக் கொசுவிடம் நீட்டினார்.

"நீ போடு. கையால மெதுவா. முரண்டு பிடிச்சா நிறுத்திடணும்."

முரண்டு பிடிக்கவே இல்லை. வழுவழுவென்று உள்ளே போய் உட்கார்ந்தது. நான்கையும் ஸ்பேனரால் இறுக்கியது மட்டும் மாமா.

அம்மா சாவியைத் திருகினாள். கொசு கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

ஒரு "லொக்" இல்லை. ஒரு குலுக்கல் இல்லை. பெரியவர் ஒரே சீராக உறுமினார்.

"டேய் தம்பி, நிஜமாவே கைகாரன்டா நீ!" என்றாள் அம்மா.

மாமா தலையைச் சொறிந்தார். கொசு அவரைப் பார்க்காத மாதிரி முட்டை அட்டையை எடுத்து வைத்தாள்.

"இல்லக்கா. நான் தப்பானதைத்தான் வாங்கிட்டு வந்தேன். போட்டிருந்தா உன் பெரியவர் இன்னைக்கோட போயிருப்பார். கண்டுபிடிச்சது இவதான். உன் முன்னாடி என்னைக் காட்டிக் குடுக்கவும் இல்ல."

அம்மா காரைவிட்டு இறங்கி வந்தாள். கொசுவை இழுத்து அணைத்துக்கொண்டாள். எண்ணெய்ப் பிசுக்கு அம்மாவின் புடவையெல்லாம் ஒட்டியது. அன்று யாரும் அதற்காகத் திட்டவில்லை.

மறுநாள் காலை பெரியவர் அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் ஏறினார். பின் இருக்கையில் மாமா கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார்.

ஓட்டைப்பல்லுப் பாப்பாதான் வரிசையில் முதல் ஆள். அம்மா கண்ணாடியை மாட்டிவிட்டாள். பாப்பா நேராக ஜன்னலுக்கு ஓடினாள். ரொம்ப நேரம் மரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் தனித்தனியாத்தான் இருக்கு" என்றாள் நிம்மதியாக.

கொசுவும் ஜன்னலருகே போனாள். பையில் வைத்திருந்த பழைய பிளக்கை எடுத்து நீட்டினாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு, படி பாக்கலாம்."

பாப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தள்ளி நின்றே படித்தாள். "ஏழு. கே. நாலு. அப்புறம் ஒரு குட்டி நட்சத்திரம்."

"நட்சத்திரமா? அப்படி ஒண்ணும் இல்லையே!"

"இருக்கு அக்கா. ஓரமா."

கொசு பிளக்கை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கடைசியில் மாமா வாங்கிப் பார்த்தார்.

"ஆமா, இருக்கு" என்றார்.

அம்மா சோதனை நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள்.

"கொசு, இப்படி வந்து உக்காரு. அடுத்து நீதான்."