ஜெயித்தவரின் புகார்

"என்னை யாரோ வேணும்னே ஜெயிக்க வைக்கிறாங்க, மேடம். யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இப்படிச் சொன்னபோது, ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. முப்பது வருடம் ஏமாந்தவர்களின் புகாரைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்திருந்தது. ஜெயித்தவர் புகார் கொடுப்பது இதுதான் முதல் தடவை.

கடையின் பின்னறையில் ஞாயிறுதோறும் மூன்று பேர் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள்: கடைக்காரர், அவர் மனைவியின் தம்பியான மைத்துனர், பக்கத்துத் தெருப் பல் டாக்டர். பந்தயம் சட்டைப் பொத்தான்கள்தான். ஒருவரின் பொத்தான் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. கடைக்காரரின் மனைவி இறந்து இரண்டு மாதம். அதற்குப் பிறகு அவர் தோற்கவே இல்லை.

"போற இடமெல்லாம் என்னைப் பாவமாப் பாக்கறாங்க. அந்த மேஜைலயாவது என்கிட்ட ஒழுங்கா ஆடட்டுமே."

ஞாயிறு மதியம் இன்ஸ்பெக்டர் அந்தப் பின்னறை மூலையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முட்டிவலி வேறு. கூட வந்த தம்பிக்கோ ஐம்பது வயதிலும் அக்காவின் வழக்கு என்றால் கால் தரையில் பாவாது.

மைத்துனர் ஆஸ்பத்திரி வார்டுச் சீருடையோடே வந்து உட்கார்ந்தார். டாக்டர் ஆளுக்கு ஐந்து சீட்டு என்று ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார். பிடிக்காத சீட்டை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். நான்கு சுற்று போட்டிருப்பார்.

"எனக்கு எதுவும் மாத்த வேண்டாம்" என்றார் மைத்துனர்.

ஐந்தாவது சுற்றும் விழுந்தது. மைத்துனர் கை நிறையப் பொத்தானை நடுவில் தள்ளினார். பயந்த சுபாவமுள்ள டாக்டர் வழக்கம்போல ஒதுங்கிக்கொண்டார். கடைக்காரர் இன்னும் நான்கு பொத்தானைக் கூட்டினார். மைத்துனர் சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டார்.

தம்பி அதைப் புரட்டப் பாய்ந்தார்.

"தொடாதே! கவிழ்த்த சீட்டை யாரும் பாக்கக் கூடாது" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பாக்கவே வேண்டாம்க்கா. மாத்தாம வச்சுக்கிட்டார்னா கைல நல்ல சீட்டு. அதைத் தூக்கிப் போடறார். மாமாவுக்கு விட்டுக்குடுக்கறார்!"

கடைக்காரரின் முகம் சுண்டிப்போயிற்று.

"அப்படி இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர் அலுப்புடன். "'மாத்த வேண்டாம்'னு சொன்னப்போ நாலு சீட்டு விழுந்த சத்தம்தான் கேட்டிருந்துது; அஞ்சாவது வரவே இல்ல. பாக்காத சீட்டை எப்படி விட்டுக்குடுக்கறது? பொத்தான் சீக்கிரம் தீர்ந்து ஆட்டம் முடியணும், அவ்வளவுதான்." அவர் மைத்துனர் பக்கம் திரும்பினார். "நீங்க கடைசியா எப்போ தூங்கினீங்க?"

மைத்துனர் கண்ணைக் கசக்கினார். "முந்தாநாள். ரெண்டு மாசமா ராத்திரி டூட்டி, மேடம். பகல்ல வீட்ல என் ரெண்டு பிள்ளைங்க தூங்க விடறதில்ல. நான் வரலன்னா ஆட்டத்துக்கு ஆள் சேராது, மாமா தனியா உக்காந்திருப்பார். வந்தா கண்ணு சொருகுது."

கடைக்காரர் தன் சீட்டை மேஜையில் வைத்தார்.

"சீட்டைப் பாக்காம ஆடறது எனக்கு மட்டுமில்லடா, டாக்டருக்கும் செய்யற அநியாயம்" என்றார். "மாடிக்குப் போய்ப் படு. சாயங்காலம் எழுப்பறேன்."

மைத்துனர் செருப்பை இழுத்துக்கொண்டு படியேறினார்.

"மேடம், ஒரு கை குறையுது" என்றார் கடைக்காரர்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சுடன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்றாவது ஆட்டத்தில் கடைக்காரர் இருந்ததையெல்லாம் வைத்தார். அவரிடம் இரண்டு ஏழு. இன்ஸ்பெக்டரிடம் இரண்டு எட்டு.

"தோத்துட்டேனா?"

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"எழுந்து போயிடாதீங்க மேடம். இன்னொரு ஆட்டம்!"

இன்ஸ்பெக்டர் வலிக்கும் காலை மேஜைக்கடியில் நீட்டிக்கொண்டார்.

"போடுங்க."