பிடித்துவைத்த இடம்

தேர்வுக் காலத்தில் அந்த நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு: மேசைமேல் ஒருவர் ஒரு பொருளை வைத்துவிட்டால் அந்த இடம் அவருடையது. அதை மற்றவர் தொடக்கூடாது. யாருடையது என்று வாய்திறந்து கேட்கவும் கூடாது. குடையோ கைக்குட்டையோ மூடி தொலைந்த பேனாவோ, எதுவானாலும் சரி. ஒரு நாற்காலிக்காக அடித்துக்கொள்ளும் கூட்டமும் அந்த விதிக்கு மட்டும் அடங்கிப்போனது.

சன்னலோர மூலை மேசையில் இடம் பிடித்திருந்தது ஒரு சாப்பாட்டு டப்பா. போன தேர்வுக் காலத்திலும் அது அங்கேயே இருந்ததாக அரியர் ராணிக்கு நினைவு. ஒரே தாளில் மூன்று முறை விழுந்தவளுக்குத் தோழிகள் சூட்டிய பெயர் அது. நாளை எழுதப்போவது கடைசி வாய்ப்பு. அதுவும் போனால் பட்டமில்லை, வீட்டில் ஏறெடுத்துப் பார்க்க முகமுமில்லை. அவளுக்கு வேண்டிய நூலோ ஒரே பிரதி. வேறொருவர் கைக்குப் போய்விடக்கூடாதென்று, யாரும் நெருங்காத அந்த டப்பாவுக்குப் பின்னால் நேற்று மாலை அதை ஒளித்துவைத்திருந்தாள். தன் சாமர்த்தியத்தை இரவெல்லாம் மெச்சிக்கொண்டாள்.

"அங்கயா உக்காரப் போற?" என்றாள் தோழி சோடாபுட்டி, தடித்த கண்ணாடிக்குள் விழிகளை உருட்டி.

"வேற எங்கடி இடம் இருக்கு? உன் மடியிலயா?"

"மடியிலயே உக்காரேன். பரவால்ல."

அவள் சிரிக்கவில்லை.

டப்பாவை ஒட்டிய நாற்காலியில் ராணி அமர்ந்தாள். முழங்கையை ஊன்றியதும் மேசை ஈரமாயிருப்பது தெரிந்தது. தண்ணீரின் ஈரமல்ல, கையை எடுத்தபோது மெல்லிய இழையாய் நீண்டு அறுந்த, வெதுவெதுப்பான, கொழகொழத்த ஈரம். மதிய வெயிலில் புழுங்கிய கூடத்தின் வியர்வை நெடியையும் பழந்தாள் வாசனையையும் மீறி, பல நாள் பல் துலக்காத ஒருவர் முகத்தருகே கொட்டாவி விடுவதுபோன்ற நாற்றம் விட்டுவிட்டு வந்தது. அதனூடே ஒரு சத்தம்: நிதானமாக, நீர் ஊற, எவரோ எதையோ மெல்லும் சத்தம். சுயிங்கம் மெல்லும் பிறவி எதுவென்று எரிச்சலோடு சுற்றிலும் பார்த்தாள். எல்லா வாய்களும் மூடியிருந்தன.

நூலை இழுத்தெடுத்தாள். நேற்று பென்சிலால் கோடிட்ட ஐந்தாம் அத்தியாயம் அங்கே இல்லை. எவனோ பொறாமைக்காரன் கிழித்துவிட்டான் என்று வயிறு எரிந்தது. பிறகு ஓரங்களைப் பார்த்தாள். கிழிசலில்லை. வரிசையாக, சின்னச்சின்னப் பிறைகள். ஒவ்வொரு பிறையிலும் ஈரம்.

நூலைச் சட்டென்று மூடினாள்.

மெல்லும் சத்தம் வலப்பக்கத்திலிருந்து வந்தது. அங்கே மனிதர் இல்லை. டப்பா மட்டுமே.

"இது யாரோட டப்பா?"

அவள் குரல் கூடத்தின் மறுகோடிவரை போனது. பக்கம் புரளும் ஒலிகள் நின்றன. ஒருவரும் தலை நிமிரவில்லை. நூலகர் மட்டும் தன் மேசைக்குப் பின்னால் பாதி எழுந்தார்.

"கேக்காதம்மா. பேசாம வந்துடு."

"என் பாடம் உள்ள இருக்கு சார். நாளைக்குப் பரீட்சை."

"வேணாம்டி!" சோடாபுட்டி கத்தினாள்.

ராணி மூடியில் கைவைத்தாள். உடம்புச் சூடு. திருகினாள். வழுக்கியது. மறுபடி திருகினாள். எச்சில் இழைகள் நீண்டு அறுந்தன.

விளிம்பைச் சுற்றிலும் இளஞ்சிவப்பு ஈறு. ஈறு நெடுக, நெருக்கமாக, மஞ்சள் படிந்த சிறு பற்கள். அவற்றின் இடுக்கில் காகிதக் கூழ். கூழில் அவளுடைய பென்சில் கோடு.

மெல்லுவது நின்றது. அடியில் சுருண்டு கிடந்த நாக்கு மெல்லப் புரண்டு மேலெழுந்து, அவள் கட்டைவிரலில் படிந்திருந்த மையை ருசி பார்த்தது.