மூன்றாம் கவுண்டர்

மரணத்தை ஒழித்தது பாளையங்கோட்டை மீளுடல் நிலையத்தின் மூன்றாம் கவுண்டர்தான் என்பது ஞானதுரையின் உறுதியான கருத்து. விஞ்ஞானிகளுக்கும் அதில் ஓரளவு பங்குண்டு என்பதை அவர் மறுத்ததில்லை. அவ்வளவு பெருந்தன்மை அவரிடம் இருந்தது.

காலை பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்குவார். டோக்கன் வரிசைப்படி ஆட்கள் வந்து தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு நினைவுப்படி கொடுத்துவிட்டுப் போவார்கள். சிலர் அதை இன்னும் பேக்கப் என்றுதான் சொல்கிறார்கள். உடல் ஓய்ந்த பத்தாம் நாள், அந்தப் படியிலிருந்து புது உடலில் கண்விழிக்கலாம். விழித்தவர்களுக்கு ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் இலவசம். ஞானதுரைக்கு இது இரண்டாவது உடல். எழுபத்தொரு வயதில் நாற்பது வயது முழங்காலோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்.

படிவத்தின் கடைசியில் ஒரு சிறு கட்டம் உண்டு: நினைவுத் திருத்தம். வேண்டாத ஞாபகத்தைச் சொன்னால் வேரோடு எடுத்துவிடுவார்கள். எடுத்ததை யாராவது நினைவூட்டினால் ஆறு மாதம் சிறை. அந்தக் கட்டத்தில் டிக் போடாதவர்கள் ஊரில் அரிது. ஞானதுரையும் ஒரு தடவை போட்டிருப்பதாக அவருடைய கோப்பு சொன்னது. எதற்கு என்று அவருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்குத்தானே திருத்தம்.

அவர் மனைவி எப்சிபா அந்தக் கட்டத்தைத் தொட்டதே இல்லை. வருஷந்தோறும் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை சுண்ணாம்பு வாளியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவாள். செல்வின் என்று பெயர் வெட்டிய ஒரு கல்லறைக்கு வெள்ளையடிப்பாள். மறுநாள் விடியலில் அதன்மேல் மெழுகுவத்தி ஏற்றுவாள்.

"யாருட்டி அவன்?" என்பார் ஞானதுரை.

"வேண்டிய பையன்."

"காலைக் கிழக்க வச்சுப் புதைச்சிருக்கீங்க. சூரியனைப் பாத்து எழும்பணுமாம்! எங்க நிலையத்துல எந்திரிச்சா டீயாவது கிடைக்கும்."

எப்சிபா சிரித்துக்கொண்டே வாளியைக் கழுவுவாள்.

அந்தத் தவக்காலத்தில் அவளுடைய இருதயம் மக்கர் செய்தது. டாக்டர் ஒரு மாதம் என்றார். ஞானதுரை பதறவில்லை, புது உடலுக்கு அளவு கொடுக்கத் தேதி குறித்தார். மறுநாள் பதினேழாம் டோக்கனோடு அவர் கவுண்டரில் வந்து உட்கார்ந்த எப்சிபா, மறுப்புப் படிவத்தை நீட்டினாள்.

மறுப்பவர்களிடம் அலுவலர் ஒரு மணி நேரம் பேசிப் பார்க்க வேண்டும். மசியாவிட்டால் கையெழுத்திட்டு, படியை அழிக்க வேண்டும். அலுவலர் சொந்தக்காரராக இருந்தால் இன்னும் உத்தமம் என்றது விதி. ஞானதுரை இதுவரை நாற்பத்தொரு பேரைத் திருப்பியவர்.

"என்னட்டி விளையாட்டு இது?"

"போன தடவை நீங்க அழுதீயன்னு திரும்பி வந்தேன். இந்தத் தடவை போயிருதேன்."

"போயி?"

"மண்ணுக்குள்ள கிடப்பேன். அவரு கூப்பிட்டதும் எழும்புவேன். நியாயத்தீர்ப்புக்கு நிப்பேன்."

"நியாயத்தீர்ப்பா? ஊரே அதைத் தொலைச்சுட்டு நிம்மதியா இருக்கு. எல்லாரும் பச்சப்புள்ள மாதிரி எந்திரிச்சு வாராங்க. உனக்கு மட்டும் என்ன விசாரணை வேண்டிக் கிடக்கு?"

அவள் சற்று நேரம் மூச்சு வாங்கினாள். "செல்வின் யாருன்னு கேப்பீயல்லா. என் தம்பி."

"உனக்கு ஏது தம்பி?"

"உங்களுக்குத்தான் இல்ல. நிலையம் தொறந்த வருஷம், மூச்சுக்குத் தவிச்சவனை ஆட்டோல தூக்கிட்டு வந்தேன். இதே கவுண்டரு. மணி ஒண்ணாவ அஞ்சு நிமிஷம். 'படி எடுக்கப் பத்து நிமிஷம் ஆவும், சாப்பிட்டு வாரேன், ரூல்னா ரூலு'ன்னு ஷட்டரை இறக்குனீய. நீங்க கை கழுவிட்டு வரும்போது அவன் இல்ல."

ஞானதுரை ஷட்டரை அண்ணாந்து பார்த்தார். "இதைச் சொன்னா ஆறு மாசம் உள்ள போடுவாங்கட்டி."

"டாக்டரு ஒரு மாசந்தான் குடுத்திருக்காரு."

அவர் மறுப்புப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவளே தொடர்ந்தாள். "மூணு வருஷம் நீங்க ஒழுங்காச் சோறு உண்ணல. மன்னிப்புக் கேக்க வாயைத் தொறப்பீய, மூடிருவீய. கடைசில எனக்கே மனசு வந்துச்சு. சொல்லிருவோம்னு வந்தேன். நீங்க புது உடம்புல டீ குடிச்சிட்டு இருந்தீய. 'செல்வினா, யாரு?'ன்னு கேட்டீய. அன்னைலருந்து மன்னிப்பைக் கையில வச்சிட்டு நிக்கேன். வாங்க ஆளில்ல."

"அங்க போயி என்னை மாட்டிவிடப் போறியாக்கும்?"

"போங்க. அங்க ஒருத்தரு ஒண்ணையும் மறக்காம வச்சிருக்காரு. அவரு முன்னால நீங்க முழுசா நிப்பீய. அப்பக் கேளுங்க, தந்துருதேன். பக்கத்துலதான் நிப்பேன்."

இன்னும் ஐம்பது நிமிடம் மீதி இருந்தது. நாற்பத்தொரு பேரிடம் சொன்ன வாதங்களில் ஒன்றுகூட அவருக்கு மறக்கவில்லை. ஆனால் எதிரே இருந்த முகத்தில் பயம் துளியும் இல்லை. இரண்டு உடல்களில் ஒரு நாள்கூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை. சாவை ஒழித்த கவுண்டருக்கு அந்தப் பக்கம், சாவைப் பொருட்படுத்தாத ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

ஞானதுரை கையெழுத்திட்டார்.

இருபதாம் நாள் எப்சிபா போனாள். தம்பிக்குப் பக்கத்தில், கால் கிழக்கே இருக்க வைத்து மூடினார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை ஞானதுரை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சுண்ணாம்பு வாளியோடு போனார். அவளுடைய மண்மேடு இன்னும் இறுகவில்லை. செல்வினின் கல்லறையில் தொடங்கினார். வெட்டிய எழுத்துகளுக்குள் சுண்ணாம்பு அடைத்துக்கொண்டது. ஒவ்வோர் எழுத்தாக விரலால் வழித்துவிட்டார். பாதி முடிந்தபோது தேவாலயக் கோபுரத்துக் கடிகாரம் மதியம் ஒரு மணி அடித்தது, சாப்பாட்டு நேரம்.

ஞானதுரை வெள்ளையடிக்கும் மட்டையை வாளியில் முக்கி, அடுத்த பக்கத்தைத் தொடங்கினார்.