நாலாம் மாடிக் குழாய்

மூடிய குழாயில் சூடு இருந்தது.

காலையில் கொதிகலன் அறைக்குள் நுழைந்து, சாம்பலைக் கிளறி, அடியில் மிஞ்சியிருந்த கங்குகளை ஊதி ஊதி உயிர்ப்பித்துவிட்டு, வழக்கம்போலக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவனின் விரல்கள், பன்னிரண்டு நாளாக அவன் தொடாமல் ஒதுக்கி வைத்திருந்த கடைசிக் குழாயிலும் பழக்க தோஷத்தில் பட்டுவிட்டன. சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். சுடுகிற சூடு இல்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்ப்போமே, அந்தச் சூடு.

ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு குழாய்கள். ஒன்றில் வெந்நீர் மேலே போகும், அறைகளைச் சூடாக்கிவிட்டு ஆறிய நீர் இன்னொன்றில் இறங்கி வரும். நாலாம் மாடிக்குப் போகிற குழாயின் வால்வை அவனேதான் தன் கையால் இறுக்கி மூடியிருந்தான். இப்போதும் திருகிப் பார்த்தான். மூடித்தான் இருந்தது. மேலே சூடு போகவில்லை, ஆனால் இறங்கு குழாய் வழியே மேலேயிருந்து வந்துகொண்டிருந்தது.

மின்சாரம் போய் நான்கு மாதமாகிறது. ஊரே கைபிசைந்து நின்றபோது, குழாய் வேலை செய்து பிழைத்த இவன்தான், மூடிக்கிடந்த சலவைக்கூடத்திலிருந்து பழைய விறகுக் கொதிகலன் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து கட்டடத்தின் அடித்தளத்தில் நிறுத்தினான். மொட்டை மாடியில் இரண்டு சூரியப் பலகை, லாரியிலிருந்து கழற்றிய நான்கு பேட்டரி, நீரை மேலே தள்ள ஒரு சின்னப் பம்பு. முதல் நாள் அறைகளில் கதகதப்பு பரவியதும் எல்லோரும் கை தட்டினார்கள். குழாய் டாக்டர் என்று பட்டம்கூடக் கொடுத்தார்கள். பிறகு பனி ஏறியது, விறகு குறைந்தது, ஒவ்வொரு குடும்பமாகச் சொந்தக்காரர்களைத் தேடிப் போய்விட்டார்கள். மிஞ்சியது இரண்டே வீடு. முதல் மாடியில் அவனும் மனைவியும், நெஞ்சுச் சளியோடு பிறந்ததிலிருந்து போராடும் ஆறு வயது மகளும். நாலாம் மாடியில் தனியாகத் தையலக்கா.

அந்தத் தையலக்காதான் கொதிகலனுக்குத் தன் கட்டிலைக் கொடுத்தவள். பிறகு அலமாரி. பிறகு துணி வெட்டும் மேஜை. தையல் மெஷின் மட்டும் இரும்பாய்ப் பிறந்த புண்ணியத்தில் தப்பித்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மேஜையை அவன் கோடாலியால் பிளந்தபோது, வீணாகக் கூடாதே என்று பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சிராய்களைக்கூடப் பொறுக்கிக் கொடுத்தாள்.

மூன்று வாரம் சூரியன் தலைகாட்டவில்லை. பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது. நாலு மாடி உயரத்துக்கு நீரைத் தள்ளுவதில்தான் பம்பு பாதி மின்சாரத்தைக் குடித்தது. அந்த நேரம் பார்த்து மகளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. இரண்டே இரண்டு நாளைக்கு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு நாலாம் மாடி வால்வை மூடினான்.

மறுநாள் தையலக்கா படிக்கட்டில் நின்று கேட்டாள்.

"மேல சூடே வரலையே தம்பி?"

"குழாயில காத்து அடைச்சிருக்குக்கா. நாளைக்குப் பார்த்துடறேன்."

வாய் கூசாமல் சொன்னான். அவளும் அப்படியே நம்பினாள். அவளைக் கீழே கூட்டி வந்து நம்மோடு வைத்துக்கொள்ளலாமே என்று மனைவி சொன்னபோது, அவளுக்கு ஜலதோஷம், பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று தடுத்தான். அதுவே அவள் காதுக்குப் போய், பாவம், படியிறங்குவதையே நிறுத்திவிட்டாள். இரண்டு நாள் ஆறு நாளாயிற்று. ஆறு நாளும் நாளைக்கு நாளைக்கு என்றான். ஏழாம் நாள் கதவைத் தட்டினான், திறக்கவில்லை.

மண் பாறையாக உறைந்து கிடந்ததில் குழி தோண்ட முடியவில்லை. அவளுடைய போர்வையிலேயே சுற்றி, அவளுடைய முன்னறைத் தரையிலேயே கிடத்தி, பனி உருகட்டும் என்று கதவைப் பூட்டிவிட்டு வந்தார்கள். மனைவி அழுதாள், வயதும் குளிரும் சேர்ந்து கொண்டுபோய்விட்டது என்றாள். அவன் ஆமாம் என்றான். வால்வைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

ஆனாலும் சூட்டைக் கண்ட அன்று அவன் தொழில்காரனாகவே யோசித்தான். மற்றக் குழாய்களின் நீர் பின்வழியாக ஏறியிருக்கும் என்று நினைத்தான். பம்பை நிறுத்திப் பார்த்தான். ஒரு மணி நேரத்தில் மற்றக் குழாய்களெல்லாம் ஆறிப்போயின, அந்த ஒன்று ஆறவில்லை.

மறுநாள் விறகு தீர்ந்தது. கடைசியாகக் கதவு நிலை ஒன்றைப் பெயர்த்து எரித்து, அதுவும் சாம்பலாகி, மதியத்துக்குள் கொதிகலன் கறுத்துக் குளிர்ந்து நின்றது. இனி பிள்ளையை என்ன செய்வது என்று நினைத்தபடி வீட்டுக்குள் வந்தால், மனைவி முகம் மலர்ந்து நின்றாள். மகளின் அறைச் சுவர் வெதுவெதுவென்று இருந்தது. நாலாம் மாடியிலிருந்து இறங்கும் குழாய் அந்தச் சுவருக்குள்தான் போகிறது. மகள் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, பல நாளுக்குப் பிறகு வாய் மூடித் தூங்கினாள். விறகே இல்லாமல் எப்படிச் சமாளித்தீர்கள், உங்கள் கைராசியே ராசி என்று மனைவி அவன் உள்ளங்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சுவருக்குள் டிக், டிக்கென்று கேட்டது. சூடேறும் இரும்பு அப்படித்தான் முனகும், அது எல்லாக் குழாய்க்கும் உள்ளதுதான். ஆனால் வாசனை? மெஷின் எண்ணெயும், இஸ்திரி போட்ட துணியும், தலைமுடி லேசாகக் கருகினாற்போல் ஒன்றும் கலந்து அந்தச் சுவரிலிருந்து வந்தது. மனைவிக்கு அது தெரியவில்லை. மகள் தூக்கத்தில் அந்த வாசனையை நன்றாக இழுத்து மூச்சு விட்டாள். அவன் சுவரைத் தொடவே அஞ்சி, அறை நடுவில் நின்றபடியே பொழுதைக் கழித்தான்.

மூன்றாம் நாள் காலையில் சூடு சற்றுக் குறைந்தது. மகள் இருமினாள். பிற்பகலில் அவன் நாலாம் மாடிச் சாவியை எடுத்துக்கொண்டான். விறகுக்கு ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கப் போவதாக மனைவியிடம் சொன்னான். இன்னொரு பொய்.

இரண்டாம் மாடி. கதவை எரித்துவிட்ட வெறும் வாசல்கள், கைப்பிடிச் சுவரில் படிந்த உறைபனி, தன் செருப்புச் சத்தமே தனக்கு முன்னால் ஏறிப் போவதுபோல ஒரு பிரமை. மூன்றாம் மாடி. ஜன்னல் வழியே சாம்பல் வெளிச்சம். மூச்சு வெண்புகையாக வந்தது. மேலே ஏற ஏறக் குளிர் எலும்பைக் குடைந்தது. மேலே இவ்வளவு குளிர். பிறகு எங்கிருந்து வருகிறது அந்தச் சூடு?

நாலாம் மாடி.

பூட்டு உறைந்திருந்தது. வாயால் ஊதி ஊதித் திருகினான். திறந்தது.

தரையில் அவள் இல்லை.

போர்வை இருந்தது. முனையோடு முனை சேர்த்து, சுருக்கமில்லாமல், நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. கால் அசையவில்லை. கண் மட்டும் போனது. தையல் மெஷின். வெறும் சுவர். ஜன்னல். ஜன்னலுக்கடியில் அறையைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டர்.

அங்கே இருந்தாள்.

தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ரேடியேட்டரைக் கட்டிப்பிடித்திருந்தாள். கன்னம் இரும்பில் அழுந்தியிருந்தது. முடியில் பனி, புருவத்தில் பனி. அவன் கிடத்தியபோது இருந்த உடம்பில் பாதிகூட இல்லை. ரவிக்கை தோளில் தொங்கியது. கைகள் குச்சியாகியிருந்தன. அந்தக் கைகள் பட்ட இடத்தில் மட்டும் இரும்பு ஈரமாக மினுங்கியது. சூட்டில் உருகிய பனி.

"அக்கா" என்றான். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அழுகைதான் வந்தது. செத்த பிறகாவது இவளை விட்டுவிட வேண்டும், இந்த இரும்பிலிருந்து பிரித்துத் திரும்பப் படுக்க வைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. மண்டியிட்டான். வலது கையைப் பிடித்து இழுத்தான். ஒட்டியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விடுபட்டன. பிறகு இடது கை.

குழாயில் டிக் டிக் சத்தம் நின்றது.

கீழே கதவு திறக்கும் ஓசை. மனைவியின் குரல் படிக்கட்டு வழியே மேலேறி வந்தது.

"என்னங்க, சுவரு திடீர்னு சில்லுனு ஆயிடுச்சு. பாப்பாவுக்கு மூச்சு இழுக்குது. சீக்கிரம் வாங்க."

அவன் கையில் தையலக்காவின் கை.

எவ்வளவு நேரம் யோசித்தான் என்று பின்னால் அவனால் சொல்ல முடியாது. யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. வால்வை மூடிய அதே கையால் அவள் கையைத் தூக்கினான். இரும்பில் வைத்தான். விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினான். சுண்டுவிரல் நிற்கவில்லை. மறுபடி அழுத்தினான். இடது கையையும் வைத்தான். தலையைச் சாய்த்துக் கன்னத்தையும் பொருத்தினான்.

டிக்.

டிக். டிக்.

"வந்துடுச்சுங்க" என்றது கீழிருந்து குரல். "வந்துடுச்சு."

எழுந்து போய்விட வேண்டும். கதவைப் பூட்ட வேண்டும். இதை ஒருவருக்கும் சொல்லக் கூடாது. பின்னால் நகர்ந்தான்.

"குழந்தைக்குப் போதுமா தம்பி?"

கண் மூடித்தான் இருந்தது. குரலில் கோபம் இல்லை. வருத்தம்கூட இல்லை. மேஜையைக் கொடுத்த அன்றைக்குக் கேட்ட அதே குரல். ஒரு சொல் சொன்னால் போதும், விட்டுவிடுவாள் என்று அவனுக்குத் தெரிந்தது. போதும் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான். கீழே மகள் இருமினாள்.

"இன்னும் கொஞ்சம் வேணும்க்கா."

அவள் சரியென்று தலையாட்டினாள். முழங்காலை மடக்கி, இரும்போடு இன்னும் நெருங்கி உட்கார்ந்து, கன்னத்தை அழுத்திக்கொண்டாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அழுத்திய பக்கத்துக் கன்னம் மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது.