மச்சான் பிடிக்க வேண்டிய கயிறு

நமீபியாவுக்கு ஒத்திகை பார்க்கத்தான் அன்று புறப்பட்டோம். கேட்டால் சிரிப்பு வரும். தென்னாப்பிரிக்காவில் கார் எடுத்து, ஹோட்டலுக்குச் செலவழிக்காமல் வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுத்து, நமீபியா வரை போய்வர வேண்டும் என்பது அத்தானின் ஆசை. அத்தான் என்றால் என் வீட்டுக்காரர் சிவபாலன். மில்லர்புரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். வீடியோ பார்த்துப் பார்த்தே மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது.

“முதல்ல நம்ம கடற்கரையில மூணு நாளு இருந்து பாப்போம் அனுசியா. ஒனக்கு ஒத்துக்கிட்டா ஆப்பிரிக்கா” என்றார்.

எனக்கா ஒத்துக்காது? பழைய ஆம்னி வேனில் அடுப்பையும் பாயையும் ஏற்றிக்கொண்டு நான்தான் முதலில் உட்கார்ந்தேன்.

முத்தையாபுரம் தாண்டித் தெற்கே போய், தார் ரோட்டை விட்டு ஒரு மணல் தடத்தில் இறங்கினோம். உச்சி வெயில். உடைமரங்களுக்கு அப்பால் ஆளில்லாத கடற்கரை. மரத்தடியில் அடுப்பைப் பற்றவைத்து வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் காற்று நின்றது. அலைச் சத்தமும் அடங்கிவிட்டது. எங்கிருந்தோ அழுகின சிப்பி நாற்றம் வந்தது.

கரையில் கிடந்த வள்ளத்தின் விளிம்பில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வரும்போது அவரைப் பார்த்த ஞாபகம் இல்லை. அவர் கையிலிருந்து ஒரு கயிறு மணலில் ஓடிக் கடலுக்குள் போயிருந்தது.

“அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பிடிங்க. தண்ணி குடிச்சிட்டு வந்திருதேன்.”

அத்தானுக்கு இது பழக்கம்தான். வீட்டுச் சாவி, கேஸ் சிலிண்டர், தூங்குகிற பிள்ளை என்று எதையாவது கடையில் விட்டு, ‘கொஞ்சம் பாத்துக்கோங்க அண்ணாச்சி’ என்று தெருவே போய்விடும். கடைக்காரர் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? எழுந்து போய் வாங்கிக்கொண்டார்.

“கீழ யாரு?” என்று கேட்டார்.

“என் தங்கச்சி மாப்பிள்ளை. சங்கு குளிக்க இறங்கியிருக்காரு. எங்களுக்குள்ள மச்சான்தான் கயிறு பிடிக்கணும். கூடப்பிறந்தவ தாலி அறுக்க எவனாவது சம்மதிப்பானா? இனி நீங்கதான் அவளுக்கு அண்ணன்.”

இனியா?

அடுப்பை அணைத்துவிட்டு நிமிர்ந்தேன். வள்ளத்தில் ஆளில்லை. மணலில் அத்தானின் கால்தடம் மட்டும்தான் இருந்தது.

கயிறு ஒருமுறை வெட்டி இழுத்தது.

“மேல ஏறணுங்கான்” என்று அத்தான் இழுக்க ஆரம்பித்தார். கை மாற்றிக் கை மாற்றி இழுத்தார். பத்து ஆள் நீளம் இருக்கும், இருபது ஆள் நீளம் இருக்கும். காலடியில் ஒரு சுருள்கூடச் சேரவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கயிறு வரவில்லை. இவர்தான் போய்க்கொண்டிருந்தார்.

முழங்கால் வரை தண்ணீர்.

இடுப்பு வரை.

“விட்டுருங்கத்தான்!”

“விட்டா அவன் செத்திருவான்ளா. அந்தப் பிள்ளை என்ன செய்யும்?”

எந்தப் பிள்ளை? முகம் பார்த்திராத ஒருத்திக்காக அழுகிறார், பாவி மனுஷன்! எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. கையிலிருந்த கத்தியோடு ஓடி, கழுத்தளவுத் தண்ணீரில் அவரைப் பிடித்துக்கொண்டு கயிற்றை அறுத்தேன். புரி புரியாக அறுந்தது.

கடைசிப் புரி அறும்போது, அடியில் ஒரு கை என் கணுக்காலைப் பிடித்தது.

அந்தப் பிடியில் பலமே இல்லை. தானாகவே விட்டுவிட்டது.

அத்தானை வேனில் தள்ளி நானே ஓட்டிக்கொண்டு வந்தேன்.

கடலே கண்ணில் படக்கூடாது என்று கடையைச் சாத்தான்குளத்துக்கு மாற்றினோம். இங்கே கிணற்றில் தண்ணீர் கிடந்தாலே அதிசயம். அத்தானும் தெளிந்துவிட்டார். தப்பித்தோம் என்றுதான் இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். வெறுங்கழுத்து. சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. காலடியில் தண்ணீர் பெருகிக்கொண்டே இருந்தது.

“அண்ணே” என்றாள்.

உள்ளே மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

பிறகு என்னைப் பார்த்தாள்.

“மதினி, அறுத்தது நீங்கதானே?”

அவள் கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை.

“போனது போகட்டும். எங்க வீட்டுக்காரரைத் தேடி அண்ணன் இறங்கணும். அண்ணனுக்குக் கயிறு பிடிக்க உங்க கூடப்பிறந்தவுக யாரும் இருக்காவளா?”

எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. ஒத்தைப் பிள்ளை. அதை நான் சொல்லவில்லை. என் முதுகுக்குப் பின்னாலிருந்து அத்தான் சொன்னார்.

“யாருமில்லைம்மா. அதனால என்ன, நான் வாரேன்.”

திரும்பினேன். சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். அவரை மூட்டை அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினேன்.

“நான் பிடிப்பேன் அவருக்கு!” என்று கத்தினேன். “பெண்டாட்டி பிடிச்சா ஆகாதா?”

அவள் என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அறுத்த கையாலயா மதினி?”

இன்றோடு ஐந்து நாள். அவள் நகரவில்லை. கடைக்கு வருகிறவர்கள் யாரும் அவளைப் பார்ப்பதில்லை. அந்த ஈரத்தை மட்டும் தாண்டிக் கால் வைத்து நடக்கிறார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து அத்தான் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“ஏளா, தங்கச்சி எத்தனை நாளா வாசல்லயே நிக்கிது. உள்ள வான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”