மங்காத மேசை

1979இல் மழை விட்டிருந்த ஒரு பின்னேரம், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் கந்தோர்க் கட்டடத்தில் கெமராப் பெட்டியோடு போய் இறங்கினேன். கொழும்பிலிருந்து வந்த பெரிய அதிகாரிகள் தோட்டத்தை நடத்தும் துரையோடு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டும். ஹட்டனில் ஸ்டூடியோ வைத்துப் பதினெட்டு வருடம். இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்ற திமிர் அப்போது இருந்தது.

கூட்ட அறையில் நீளமான மேசை. முகம் பார்க்கலாம், அப்படி மினுக்கியிருந்தார்கள். கெமராவுக்குள் பார்த்தால் துரையின் நாற்காலிக்கு முன்னால் மேசையில் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. யன்னல் திரையை இழுத்துவிட்டேன். விளக்கைத் தள்ளி வைத்தேன். அந்த ஓரிடம் மட்டும் அடங்கவில்லை.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. துணி துவைக்கும் சவர்க்காரத்தை ஈரமாக்கித் தேய்த்து மங்க வைப்பது. கந்தோர் கூட்டும் பேச்சியம்மாவிடம் ஒரு கட்டி கேட்டேன். கொண்டு வந்தவள் நகரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் லயங்களில் இருக்கும் தொழிலாளர்களுக்காகத் துரையிடம் பேச இந்த அறைக்குள் வந்த தன் புருசன் வீரய்யா திரும்பவே இல்லை என்றாள். இந்தியாவுக்கு ஓடிவிட்டான் என்று துரை சொன்னாராம். மறுநாளிலிருந்து இந்த மேசையைத் தினமும் மினுக்கச் சொல்லி உத்தரவாம்.

"அவரு எங்க கெடக்குறாருன்னு தெரிஞ்சாப் போதுங்க," என்று கிசுகிசுத்தாள்.

பாவமாக இருந்தது. அந்த ஓரிடத்தில் சவர்க்காரத்தைத் தேய்த்தேன்.

பச்சை இரத்த வாடை அடித்தது.

வெள்ளை நுரை சிவந்தது.

துடைப்பதற்குள் துரையும் கொழும்பு ஆட்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். துரை குனிந்து நுரையைப் பார்த்தார். முகம் வெளிறியது. எழும்பப் பார்த்தார்.

மேசைக்குள்ளிருந்து ஒரு கை அவர் தலைமுடியைப் பிடித்திருந்தது.

நெற்றி பலகையில் மோதியது. மறுபடியும். மூன்றாவது அடியில் பல் தெறித்து என் கெமராவில் பட்டது. கொழும்பு ஆட்கள் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். நான் கெமராவுக்குப் பின்னால் பதுங்கினேன். அடி நிற்கவில்லை.

பேச்சியம்மா மட்டும் கிட்டப் போனாள். அந்தக் கையைத் தொட்டாள்.

"போதுங்க. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

பிடி தளர்ந்தது. துரை அசையவில்லை. தவறி விழுந்து செத்தார் என்று பொலிஸில் எழுதி மூடிவிட்டார்கள்.

அடுத்த மாதம் அவள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். புதுச் சேலை, நெற்றி நிறையக் குங்குமம். சோடியாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்றாள். பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. விளக்கைப் போட்டேன்.

நாற்காலியின் மெத்தை மெல்ல அமுங்கியது.